தூக்கியாச்சு

பினாங்கில் ஒரு காற்பந்துப் பயிற்றுநருக்கு வேலை போனால், அந்தச் செய்தி மொழிக்கொரு முகத்தோடு வந்து சேரும். மலாய் விளையாட்டுப் பக்கங்களுக்கு மிகவும் பிடித்த சொல் ‘டிரெஹாட்கான்’. ஓய்வு கொடுக்கப்பட்டார் என்று பொருள். ஏதோ மனுஷன் களைத்துப்போய் உட்கார நாற்காலி கேட்ட மாதிரி. ஆங்கிலப் பத்திரிகையில் இரு தரப்பும் பேசிப் பிரிந்திருப்பார்கள். நம் நாளேடுகள் ‘பொறுப்பிலிருந்து விடுவிப்பு’ என்று தலைப்பு வைக்கும்; சிறைக் கதவைத் திறந்துவிட்ட தொனி அதில் இருக்கும். டத்தோ கெராமாட் சாலைப் பக்கம் ஒரு மாமாக் கடையில் போய் உட்கார்ந்தால் இந்த நாகரிகம் எதுவும் கிடையாது. “கோச்ச தூக்கியாச்சுண்ணே.” அவ்வளவுதான். தே தாரிக் வந்துவிடும், பேச்சு அடுத்த கோச் யார் என்பதற்குப் போய்விடும்.

நான்கு சொற்களில் நேர்மையானது கடைசிச் சொல்தான் என்று நமக்குத் தோன்றும். பூசி மெழுகாத சொல். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் அதிலும் ஒரு கள்ளம் இருக்கிறது. தூக்கியாச்சு. சரி, யார் தூக்கியது? அந்த வாக்கியத்தில் எழுவாயே இல்லை. ‘சோறு வடிச்சாச்சு’ என்று அம்மா சொன்னால் வடித்தது அம்மாதான். ‘வாடகை கட்டியாச்சு’ என்றால் கட்டியவர் சொல்கிறவர்தான். ரசிகர் ‘தூக்கியாச்சு’ என்னும்போதும் தானே தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்த திருப்தி அந்தக் குரலில் ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் தூக்கியவர்கள் ஓர் அறையில் கூடி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களுக்கு இந்த வாக்கியத்தில் இடமில்லை. அவர்களும் அதைக் கேட்கவில்லை.

இதை வெறும் இலக்கண விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பினாங்குக் காற்பந்தின் கடந்த பத்து ஆண்டுகளை இந்த ஒரு வாக்கியம்தான் நடத்தியிருக்கிறது என்பது என் கட்சி.

2022-ஐ எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஆண்டுதான் பினாங்கு சூப்பர் லீக்குக்குத் திரும்பியிருந்தது. 2020-இல் மன்சூர் அஸ்விரா பயிற்சியில் பிரிமியர் லீக்கை வென்று மேலே வந்த குழு அது. மேலே வந்ததும் பொறுப்பு செக் நாட்டுக்காரரான தோமாஸ் ட்ருச்சாவிடம் போனது. முதல் ஆண்டிலேயே மூன்றாம் இடம். ஜொகூர் டாருல் தாக்சிம், கெடா, அடுத்து பினாங்கு. 2014 முதல் லீக் பட்டத்தை ஜொகூர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதை நினைவில் வைத்தால் அந்த மூன்றாம் இடத்தின் எடை தெரியும். மற்றவர்களுக்கு இந்த லீக் இரண்டாம் இடத்தில்தான் தொடங்குகிறது. கீழிருந்து ஏறி வந்த ஒரு குழு, பெரிய பணப்பை இல்லாத மாநிலக் குழு, அதற்கு ஒரு படி கீழே வந்து நின்றது. அடுத்த ஆண்டு தோல்விகள் அடுக்க ஆரம்பித்தன. சீசன் முடிவதற்குள் ட்ருச்சா இல்லை. மன்சூர் திரும்ப அழைக்கப்பட்டார். பன்னிரண்டு குழுக்களில் பினாங்கு பன்னிரண்டாவதாக முடிந்தது.

ஓராண்டில் மூன்றிலிருந்து பன்னிரண்டு. இப்படிப்பட்ட சரிவுக்கு ஒரு மனிதரின் தலையில் மட்டும் விளக்கம் இருக்க முடியுமா? மாட்டாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நாள்களின் பேச்சைக் கவனித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். ‘போன வருஷம் ஏதோ லக்குல ஜெயிச்சான்’ என்று சொன்னவர்கள் ஏராளம். வெற்றி அதிர்ஷ்டம், தோல்வி மட்டும் அவருடைய சொந்த உழைப்பு! எனக்கு இதில் ஒரு காரணம் படுகிறது. 2021 பெருந்தொற்றுக் காலம். அந்த மூன்றாம் இடம் பெரும்பாலும் காலி இருக்கைகளின் முன்னால் கிடைத்தது. ரசிகர்கள் அதைத் திரையில் பார்த்தார்கள், பாதி பேர் மறுநாள் செய்தியில் பார்த்தார்கள். மைதானக் கதவு திறந்து, டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து நேரில் கண்டது 2022-இன் தோல்விகளை. நம் உடம்பு இருந்த இடத்தில் நடந்ததைத்தான் நாம் நம்புகிறோம். ட்ருச்சாவின் நல்ல ஆண்டை பினாங்கு தன் உடம்பால் பார்க்கவேயில்லை. பாவம், அந்த வகையில் அவர் துரதிர்ஷ்டசாலிதான்.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால், 2017-இல், இதே கதை வேறு முகத்தோடு நடந்தது. ஆஷ்லி வெஸ்ட்வூட் என்ற ஆங்கிலேயர். பெங்களூரு எஃப்.சி.யைத் தொடக்கத்திலிருந்தே உருவாக்கி, இந்தியாவின் ஐ-லீக் பட்டத்தை 2014-இலும் 2016-இலும் வென்று கொடுத்துவிட்டு இங்கே வந்தவர். சீசன் நடுவிலேயே அனுப்பப்பட்டார். மலேசிய ரசிகர்கள் கையெடுத்துக் கும்பிடும் பழைய நட்சத்திரம் சைனல் அபிடின் ஹாசான் அவர் இடத்துக்கு வந்தார். குழு கடைசி இடத்தில் முடிந்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. இரண்டு முறையும் கோச் மாறினார், இரண்டு முறையும் பினாங்கு கடைசி.

வெஸ்ட்வூட் இங்கே பிரமாதமாகச் செய்தார் என்று நான் வாதாட வரவில்லை. செய்யவில்லை. ஆனால் 2024 மார்ச்சில் குவாஹாத்தியில் ஓர் ஆட்டம் நடந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, இந்தியாவும் ஆப்கானிஸ்தானும். சுனில் சேத்ரிக்கு அது 150-ஆவது சர்வதேச ஆட்டம், கோலும் போட்டார். ஆனால் 2-1 என்று வென்றது ஆப்கானிஸ்தான். சொந்த நாட்டில் ஆட முடியாத, உள்ளுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் குழுவின் பயிற்றுநர் யார் என்று பார்த்தால், நாம் தூக்கி எறிந்த அதே ஆள். பிறகு ஹாங்காங் தேசியக் குழு அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. ஒரு பயிற்றுநர் கெட்டிக்காரரா முட்டாளா என்பது அவரை மட்டும் பொறுத்த விஷயம் கிடையாது, அவரைச் சுற்றி என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இதைச் சொல்ல நிபுணர் வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளை ஒரு பள்ளியில் மக்காகவும் வேறு பள்ளியில் கெட்டிக்காரனாகவும் ஆவதைப் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆராய்ச்சியும் இருக்கிறது. பாஸ் டெர் வீல் என்ற டச்சுப் பொருளியலாளர் 1986 முதல் 2004 வரையிலான நெதர்லாந்து முதல் பிரிவு லீக்கை எடுத்துப் பார்த்தார். சரிவில் இருந்தபோது பயிற்றுநரை மாற்றிய குழுக்கள் பிறகு கொஞ்சம் எழுந்தன. அதே அளவு சரிவில் பயிற்றுநரை மாற்றாமல் வைத்திருந்த குழுக்களும் எழுந்தன, அதே வேகத்தில். காய்ச்சல் ஏழு நாளில் போகும், மருந்து சாப்பிட்டால் ஒரு வாரத்தில் போகும் என்று கிழவிகள் சொல்வார்களே, அந்தக் கதைதான். பினாங்குக்கு அந்த ஒரு வாரம்கூட வாய்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகு ஏன் ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் தூக்கு தூக்கு என்று கத்துகிறார்கள்? அறிவில்லாமலா? அப்படி எழுதிவிட்டுப் போவது சுலபம். அது மேல்தட்டுத் திமிர். எனக்குத் தோன்றும் பதில் வேறு. அவர்கள் கையில் இருக்கும் ஒரே கயிறு அதுதான், இழுத்தால் மணி அடிக்கும் ஒரே கயிறு. ஜெர்மனியில் ஐம்பது கூட்டல் ஒன்று என்றொரு விதி உண்டு. ஒருசில விதிவிலக்குகள் போக, கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம்தான் இருக்க வேண்டும். ரசிகர் சந்தா கட்டி, உறுப்பினராகி, கூட்டத்தில் எழுந்து நின்று கணக்குக் கேட்கலாம். இங்கே அப்படி ஒன்று எப்போதும் இருந்ததில்லை. மாநிலச் சங்கமாக இருந்த காலத்தில் வாக்கு இணைச் சங்கங்களிடம் இருந்தது. சங்கம் கிளப்பாக மாறிய பிறகு அது நிறுவனத்தின் மேசைக்குப் போய்விட்டது. ரசிகர் ஜெர்சி வாங்கலாம், டிக்கெட் வாங்கலாம், கத்தலாம். விளையாட்டாளர்களின் ஒப்பந்தம் ஓராண்டு ஈராண்டுக்கு மேல் ஏன் போவதில்லை, இளையோர் பிரிவுக்கு எவ்வளவு செலவாகிறது, விளம்பரதாரர் எப்போது வருகிறார் எப்போது போகிறார், எதையும் அவர் கேட்க முடியாது. கோச்சை மட்டும் கேட்கலாம். கோடு ஓரமாக, மழையில், எல்லாரும் பார்க்கும் இடத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கண்ணாடி அறை உண்டு.

ஆகவே கூச்சல் எழும்போது நிர்வாகங்கள் பதறுவதில்லை. நிம்மதியடைகின்றன என்றே சொல்வேன். ரசிகன் கேட்டான், நாங்கள் கொடுத்தோம். அடுத்த மூன்று மாதத்துக்குக் கேள்வி இல்லை. புதுக் கோச்சுக்கு டைம் கொடுக்கணும்லா என்று ரசிகர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.

இந்தக் கூச்சலும் பழையது கிடையாது என்பதைச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பினாங்கில் பந்து பார்த்தவர்களைக் கேட்டால், அவர்களுடைய கோபத்தின் சொல் வேறாக இருந்தது. ‘கெலோங்’. குழு தோற்றால் கோச் சரியில்லை என்று முதலில் யாரும் சொல்ல மாட்டார்கள். “வெல போயிட்டானுங்கடா” என்பார்கள். 1994, 95-இல் அந்தச் சந்தேகம் நிஜமானது. நாடு முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டாளர்கள் விசாரிக்கப்பட்டு, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் தடை செய்யப்பட்டார்கள். அரங்குகள் காலியாகத் தொடங்கின. அதே காலத்தில்தான் வீட்டுக்கு வீடு ஆங்கிலப் பிரிமியர் லீக் வந்து இறங்கியது. கெலோங் போய் தூக்கு வந்தது அந்தத் திரை வழியாகத்தான். மோயஸ், வான் ஹால், மொரின்யோ, சோல்ஷார், டென் ஹாக் என்று மான்செஸ்டர் யுனைடெட் வரிசையாகத் தூக்கத் தூக்க, பட்டர்வொர்த்தில் இருக்கும் நம் பையனும் தூக்குவதற்குப் பழகிவிட்டான். நூற்றுக்கணக்கான மில்லியன் புழங்கும் இடத்தின் பழக்கம், அடுத்த மாதச் சம்பளத்துக்கே பல குழுக்கள் தடுமாறும் லீக்குக்கு வந்துவிட்டது. அவர்கள் தூக்கினால் நஷ்டஈடு, அடுத்த ஆளுக்குப் புதுச் சம்பளம், அவர் கேட்கும் ஐந்து புது ஆட்டக்காரர்கள் எல்லாம் ஒரே கணக்கிலிருந்து போய்விடும். இங்கே பழைய கோச்சுக்கு ஒரு சம்பளம், புதுக் கோச்சுக்கு ஒரு சம்பளம் என்றாலே அந்தப் பணம் யாருடைய தட்டிலிருந்தாவது குறைய வேண்டும். பெரும்பாலும் இளையோர் குழுவின் தட்டிலிருந்துதான்.

கெலோங் என்ற சொல்லில் குறைந்தபட்சம் ஒரு குற்றவாளி இருந்தான். ‘போயிட்டானுங்க’ என்று விகுதியாவது ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த விகுதி நமக்கு முழுக்க மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நம்ம ஆள் ஒருவருக்கு வேலை போகும்போது அது ஓடி வந்துவிடும். 2009 ஜனவரியில் ஆசியக் கிண்ணத் தகுதி ஆட்டத்தில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் மலேசியா 5-0 என்று தோற்றது. தேசியப் பயிற்றுநர் பி. சத்தியநாதன் நீக்கப்பட்டார். அப்போது நம்மவர்கள் யாரும் ‘தூக்கியாச்சு’ என்று சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. ‘தூக்கிட்டானுங்க’ என்றார்கள். எழுவாய் வந்துவிட்டது பாருங்கள்! யார் அந்த அவனுங்க, எந்த அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தானுங்க, ஏன் இவர் மேல் மட்டும் கை வைத்தானுங்க என்று கேள்வி கேள்வியாகப் பிறந்தது. அவருக்குப் பின் வந்தவரும் நம்மவர்தான். கே. ராஜகோபால் அதே ஆண்டு இருபது ஆண்டுக்குப் பிறகு சீ விளையாட்டுத் தங்கத்தையும், 2010-இல் முதல் முறையாக ஆசியான் கிண்ணத்தையும் கொண்டு வந்தார். 2013 முடிவோடு அவரும் போனார். மறுபடியும் ‘அனுப்பிட்டானுங்க’. 2015 செப்டம்பரில் அதே சிற்றரசுகள் அபுதாபியில் பத்துக் கோல் போட்டார்கள். பத்து. அன்றைய பயிற்றுநர் டோலா சாலே பதவி விலகினார். ஐந்து கோலுக்கு ஒருவர், பத்துக் கோலுக்கு ஒருவர். இரண்டு தோல்விக்கும் நடுவில் ஆறு ஆண்டுகள் அதே நாற்காலிகளில் இருந்தவர்களைப் பற்றி அந்த வாரம் நம் மேசைகளில் பேச்சு குறைவுதான்.

நம்ம ஆள் என்றால் அநீதி, செக் நாட்டுக்காரர் என்றால் நீதி. இது பாரபட்சம் என்று திட்டிவிட்டுப் போகலாம். எனக்கு இதில் வேறு ஒன்று முக்கியம். யார் முடிவெடுத்தது என்று கேட்கத் தெரியாத சமூகம் இல்லை நாம். வலித்தால் கேட்கிறோம். தோட்டத்தில் கேட்டோம், கோயில் நிர்வாகத்தில் இன்றைக்கும் கழுத்து நரம்பு புடைக்கக் கேட்கிறோம். ட்ருச்சா போனபோது நமக்கு வலிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவரோடு போனது நம்ம பினாங்கு.

நம்ம பினாங்கு என்று எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. சிட்டி ஸ்டேடியத்தின் பழைய ‘கெராமாட் ரோர்’ பற்றி மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பக்கத்தில் கிளம்பி அரங்கத்தைச் சுற்றி அலையாக வரும் ஆரவாரம். அதில் ஹொக்கியன் எது, மலாய் எது, தமிழ் எது என்று பிரிக்க முடியாது என்பார்கள். பேராக்கை இறுதியாட்டத்தில் வென்று 1974-இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய குழு (அங்கேதான் தூக்கு என்ற சொல்லுக்கு நல்ல பொருள்) ஈசா பாக்கார், அலி பாக்கார், ஷாஹாருடின் அப்துல்லா, நாமாட் அப்துல்லா என்று அண்ணன் தம்பிகளால் ஆனது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் என்று ஊரே சொந்தம் கொண்டாடியது. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணம் பினாங்குக்கு வரவேயில்லை. லீக் பட்டம் 1982, 1998, 2001-இல் வந்தது, எஃப்.ஏ. கிண்ணம் 2002-இல். அங்கிருந்து இறக்கம். 2013-இல் மூன்றாம் படியான எஃப்.ஏ.எம். லீக் வரை போய் ஆடிவிட்டு வந்த குழு இது. இந்த இறக்கம் முழுவதையும் கோச்சுகளின் பட்டியலாக எழுதிவிடலாம், நம் ரசிகர்கள் அப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு தலைவர் பெயரும் வராது, ஒரு கணக்கறிக்கையும் வராது.

நம் எழுத்தாளர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. தோட்டத்துத் திடல் நம் சிறுகதைகளில் வந்துகொண்டே இருக்கிறது. அங்கே திரைப்படம் காட்டுவார்கள், சங்கக்காரர் பேசுவார், சண்டை நடக்கும். மாலையில் அதே திடலில் வெறுங்காலோடு பந்து உதைத்த பையன்களை எழுதியவர்களை விரல் விட்டு எண்ணலாம். எழுதப்படாத இடத்தில் ஞாபகமும் தங்குவதில்லை. ஞாபகம் இல்லாத ரசிகனை ஏமாற்றுவது எளிது.

2022-க்கே திரும்புகிறேன், அந்தக் கதை பினாங்கோடு முடியவில்லை. கடைசி இடத்தில் வந்தும் பினாங்கு கீழே இறங்கவில்லை. பிரிமியர் லீக்கைக் கலைத்து எல்லாரையும் ஒரே லீக்கில் போட்டுவிட்டார்கள். பினாங்குக்கு மேலே முடிந்த மலாக்கா யுனைடெட்டுக்கும் சரவாக் யுனைடெட்டுக்கும் பணச் சிக்கலால் உரிமம் கிடைக்கவில்லை. மேலே முடிந்த இன்னொரு குழு பெட்டாலிங் ஜெயா சிட்டி. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் ‘மீஃபா’ குழுவாகத் தொடங்கி, 2019-இல் பெயர் மாற்றிக்கொண்டது அது. நம் பையன்களுக்கு நாட்டின் முதல் பிரிவில் ஒரு கதவு திறந்திருந்தது என்றால் அது அங்கேதான். பி. மணியம் பயிற்சி. 2021-இல் மற்றவர்கள் எல்லாம் பிரேசிலிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆள் இறக்கியபோது, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் சூப்பர் லீக்கில் நின்ற குழு. 2022 சீசன் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிவிட்டது.

கோச்சை யாரும் தூக்கவில்லை. தூக்கு என்று யாரும் கத்தவுமில்லை. நம்ம ஆட்கள் ஆரம்பித்த குழு, நம்ம ஆள் கோச், நம்ம பையன்கள், எல்லாம் ஒரே அறிக்கையில் போயிற்று. விகுதியோடு கேட்டிருக்க வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அந்த ஆண்டுக் கடைசியில் மாமாக் கடைகளில் நான் கேட்ட பேச்செல்லாம் ரொனால்டோ மான்செஸ்டரை விட்டுப் போனதைப் பற்றி.